வீட்டில் நறுமண எண்ணெய் வடிக்க: முதன்முறை இறங்குபவர்களுக்கான படிப்படி வழிகாட்டி

ஒன்றரை கிலோ பச்சை எலுமிச்சைப்புல்லை ஒழுங்காக வடித்தால் 3 முதல் 7 கிராம் எண்ணெய் கிடைக்கும். அவ்வளவுதான். இந்தக் கணக்கு தெரியாமல் தொடங்குபவர்கள் முதல் வடிப்பிலேயே மனம் வெறுத்துப்போகிறார்கள். தெரிந்து தொடங்குபவர்களும் பலமுறை ஒரு கிராம்கூடக் காணாமல் நிற்கிறார்கள். காரணம், செடியில் எண்ணெய் இல்லாதது அல்ல. செடியிலிருந்து புட்டிக்கு வரும் வழியில் அது எங்கோ தொலைகிறது: மூடியின் இடுக்கில் ஆவியாக, குளிராத வடிநீரில் வாசனையாக, அகலப் பாத்திரத்தின் மேல் எடுக்கவே முடியாத படலமாக. கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணோட்டத்தில் படியுங்கள்.

இங்கே சொல்வது நீராவியால் வடிக்கும் முறை மட்டும். கொதிநீரின் ஆவி செடியின் ஊடாக ஏறி எண்ணெயைச் சுமந்துவரும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் விழும் நீர்தான் வடிநீர், எண்ணெய் அதிலிருந்து பிரியும். பெட்ரோலிய ஈதர், பியூட்டேன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்துக் காய்ச்சி எடுக்கும் முறைகளை வீட்டில் தொடவே வேண்டாம். அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, பக்கத்து அறையில் எரியும் அடுப்பிலோ ஃபிரிட்ஜின் சுவிட்சிலோ பற்றிக்கொள்ளும்.

1. முதல் செடியைத் தேர்ந்தெடுங்கள்

பழகுவதற்கு எலுமிச்சைப்புல், ரோஸ்மேரி, யூகலிப்டஸ் இலை ஆகிய மூன்றில் ஒன்று போதும். மூன்றிலும் எண்ணெய் நீரைவிட இலேசானது, தெளிவாக மேலே மிதக்கும், சில மணி நேரத்தில் வந்துவிடும். பச்சை எடையில் எலுமிச்சைப்புல் 0.2 முதல் 0.5 சதவீதம் வரை தரும். யூகலிப்டஸில் அதைவிடக் கூடுதலாகவே வரும், ஒரு சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு.

ரோஜாவை முதலில் தொடாதீர்கள். கிலோக்கணக்கில் இதழ் போட்டாலும் ஒரு கிராம் தேறாது. மல்லிகை நீராவியில் வடிக்கவே ஏற்றதல்ல, வெப்பத்தில் அதன் மணம் கெட்டுவிடும். வெட்டிவேருக்குப் பொறுமை வேண்டும், பகல் இரவென்று ஓட விட வேண்டியிருக்கும். கிராம்பில் எண்ணெய் ஏராளம். ஆனால் அது நீருக்கு அடியில் போய்ப் படியும், பிரிப்பதற்கான அமைப்பே வேறு.

செடியின் தாவரவியல் பெயரை உறுதிசெய்துகொள்ளுங்கள். பூச்சிமருந்து அடித்த செடி வேண்டாம். இலையில் ஒட்டியிருக்கும் சில மருந்துகள் ஆவியோடு சேர்ந்து எண்ணெய்க்கே வந்து சேரும்.

2. அடுப்புக்கு முன்னால் தாள் வேலை

வடிகலன் என்ற பொருளே பல நாடுகளில் சாராயச் சட்டத்தின் பார்வையில் வருகிறது. நீங்கள் வடிப்பது மூலிகைதான் என்றாலும், குறிப்பிட்ட கொள்ளளவுக்கு மேல் வைத்திருக்கப் பதிவோ அனுமதியோ கேட்கப்படலாம். வாங்கும் முன் உங்கள் பகுதி விதியைப் பாருங்கள். விற்பனையாளர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

சொந்த உபயோகத்துக்கு ஒரு நோட்டு போதும். தேதி, செடியின் பெயர், பச்சை எடை, வாடவைத்த நேரம், ஊற்றிய நீர், முதல் சொட்டு விழுந்த நேரம், நிறுத்திய நேரம், கிடைத்த எண்ணெயின் எடை ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டாம் வடிப்பில் எண்ணெய் குறைந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க இந்த நோட்டைத் தவிர வேறு வழி கிடையாது.

விற்பது என்றால் கதையே வேறு. எண்ணெயில் என்னென்ன சேர்மங்கள் எவ்வளவு என்று காட்டும், ஆய்வகத்தில் எடுத்த ஜிசி-எம்எஸ் பகுப்பாய்வு அறிக்கை, பாதுகாப்புத் தரவுத் தாள், லேபிள் விதிகள், அழகுப்பொருள் உரிமம் என்று வரிசையாக வரும். ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாக ஆய்வுக் கட்டணம் உண்டு. சிறிய அளவில் வடிப்பவருக்கு அந்தக் கட்டணம் எண்ணெயின் மதிப்பைவிடக் கூடுதலாகும்.

3. கருவிகள்

ஆரம்பத்துக்கு 12 லிட்டர் கொதிகலன் சரியான அளவு. 2 லிட்டர் கண்ணாடித் தொகுப்புகள் பார்க்க அழகு. ஆனால் அதில் வைக்க முடிகிற இலைக்கு வருவது சில சொட்டுகள்தான், அதுவும் கண்ணாடிச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். தேவையானவை:

- துருப்பிடிக்காத எஃகு அல்லது செம்புக் கொதிகலன், இறுக்கமான மூடியோடு
- உள்ளே நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் துளைத்தட்டு
- மூடியிலிருந்து புறப்படும் ஆவிக்குழாய், உள்விட்டம் குறைந்தது 10 மி.மீ.
- சுருள்குழாய்க் குளிர்விப்பான்
- எண்ணெய் பிரிக்க ஒடுங்கிய கழுத்துள்ள கண்ணாடிக் கலன் (பிரிகலன்), கூடவே 250 மில்லி பிரிபுனல் (அடியில் திறந்து மூடும் திருகுள்ள கண்ணாடிப் புனல்)
- 1000 முதல் 1500 வாட் மின்அடுப்பு
- குளிர்நீரைச் சுற்றவிட ஒரு சிறிய மூழ்கு பம்ப்
- 0.1 கிராம் வரை காட்டும் தராசு, ஒரு வெப்பமானி

அலுமினியம் வேண்டாம். சாதாரண ரப்பர் வாஷரும் மென்மையான பிவிசி குழாயும் ஆவிபடும் பாதையில் வரவே கூடாது. எண்ணெய் அவற்றை ஊறவைத்து வீங்கச் செய்யும், ரப்பர் நாற்றம் எண்ணெயில் ஏறி நிற்கும், அதன்பின் அதைப் போக்க முடியாது. இணைப்புகளுக்கு டெஃப்லான் டேப் நல்லது. செம்புக் கலனில் மூடி இடுக்கை மாவுப் பசையால் அடைப்பது பழைய முறை, இன்றும் அதைவிடச் சிறந்த வழி இல்லை. கெட்டியாகப் பிசைந்த மாவை விரல் தடிமனுக்கு உருட்டிச் சுற்றி அழுத்துங்கள். சூட்டில் அது இறுகிவிடும். உள்ளே அழுத்தம் ஏறினால் கலன் வெடிக்காமல் இந்தப் பசை விரிசல்விட்டு வழிவிடும். பற்றவைப்பு உள்ள பழைய பாத்திரமானால் ஈயம் கலக்காத பற்றா என்று கேட்டு வாங்குங்கள்.

பிரஷர் குக்கரை மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. வெயிட் போடும் துளையிலிருந்து குழாய் எடுப்பது சரி. பாதுகாப்பு வால்வை மட்டும் அடைக்காதீர்கள். இந்த வேலையில் அழுத்தமே தேவையில்லை. ஆவி தடையின்றி வெளியேற வேண்டும், அதனால் ஆவிக்குழாயின் எந்த இடத்திலும் மூடும் வால்வு வைக்க வேண்டாம்.

செலவில் பெரும்பகுதி கலனுக்கும் குளிர்விப்பானுக்கும் போகும். பணம் குறைவாக இருந்தால் கலனில் சிக்கனம் பிடியுங்கள், குளிர்விப்பானில் பிடிக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

4. குளிர்விப்பைக் கணக்குப் போட்டுச் செய்யுங்கள்

புதியவர்களின் எண்ணெய் பெரும்பாலும் தொலைவது இங்கேதான்.

ஒரு லிட்டர் வடிநீர் தரும் ஆவியை நீராக்கி 30 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2550 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் வாளித் தண்ணீர் 40 டிகிரியைத் தொடும்வரை வாங்கிக்கொள்வது சுமார் 1250 கிலோஜூல். அதாவது அரை லிட்டர் வடிநீர் வருவதற்குள் வாளி சூடாகிவிடும். ஒரு மணி நேரத்தில் முடிந்துபோகும் அந்த வாளியை நம்பி மூன்று மணி நேரம் வடித்தால், மீதி இரண்டு மணி நேரம் வருவது சூடான வடிநீரும் அறை முழுக்க வாசனையும்தான். அந்த வாசனை உங்கள் எண்ணெய். வீடு மணக்கிறது என்று மகிழ வேண்டாம்.

ஒன்றரை லிட்டர் வடிநீர் எடுக்க 60 லிட்டர் தண்ணீர் தயாராக வையுங்கள். அல்லது 20 லிட்டர் தண்ணீரும் 5 கிலோ ஐஸும் வையுங்கள். ஐஸ் முழுவதையும் தொடக்கத்திலேயே கொட்டிவிடாதீர்கள், சூடு ஏற ஏறப் போடுங்கள். குளிர்நீர், வடிநீர் வெளியேறும் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேற வேண்டும். திருப்பி மாட்டினால் வெளியேறும் முனையில் வடிநீர் சூடான நீரைச் சந்திக்கும், பாதிப் பயன் போய்விடும்.

வடிநீர் 25 முதல் 35 டிகிரிக்குள் விழட்டும். 40ஐத் தாண்டினால் அடுப்பைக் குறைத்து ஐஸ் போடுங்கள். இதில் தீ ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. யூகலிப்டஸ் எண்ணெயின் ஆவி 50 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே தீப்பற்றக்கூடியது. வடிநீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் திறந்த சுடர் இருக்கக் கூடாது. கேஸ் அடுப்பைவிட மின்அடுப்பைச் சொல்வது இதனால்தான். சன்னலைத் திறந்துவையுங்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

5. செடி இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள்

புதுக் கலனில் எந்திர எண்ணெய், பாலிஷ் பசை, உலோகத் தூள் எல்லாம் இருக்கும். சோப்பால் கழுவி, வெறும் நீரை ஊற்றி அரை லிட்டர் வடித்துக் கீழே கொட்டுங்கள். செம்பானால் இரண்டாவதாக ஒருமுறை நீரில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கலந்து கொதிக்கவையுங்கள்.

இந்த வெற்று ஓட்டத்தில்தான் கசிவு தெரியும். குளிர்ந்த கண்ணாடித் துண்டு ஒன்றை ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் பிடியுங்கள். மேலே பனி படர்ந்தால் அங்கே ஆவி போகிறது. கையை நீட்டிப் பார்க்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத நீராவி நொடியில் சுட்டுவிடும்.

6. செடியை வாடவைத்து, நறுக்கி, அடுக்குங்கள்

எலுமிச்சைப்புல்லை அறுத்து நிழலில் 12 முதல் 24 மணி நேரம் வாடவிடுங்கள். நீர் குறைவதால் ஒரே கலனில் கூடுதலாக வைக்கலாம், கொதிக்கவும் நேரம் மிச்சம். வெயிலில் போடாதீர்கள். குவியலாகப் போட்டால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், பாய்போலப் பரப்புங்கள்.

வடிக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால்தான் 2 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்க வேண்டும். முதல்நாளே நறுக்கிவைத்தால் வெட்டுவாய் வழியாக எண்ணெய் காற்றில் போய்விடும். மிக்ஸியில் அரைப்பது அடுத்த தவறு. கூழானால் ஆவி ஊடுருவாது.

கலனில் 3 லிட்டர் நீர், அதற்கு மேல் துளைத்தட்டு, அதன்மேல் ஒன்றரை கிலோ புல். நீர் கொதித்துக் குதிக்கும்போது செடியைத் தொடாதபடி தட்டுக்கும் நீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். அடுக்கும்போது இரண்டு பக்கமும் தவறலாம். திணித்து அழுத்தினால் ஆவி மேலே ஏற வழியின்றி அழுத்தம் கூடும். தளர்வாகக் கொட்டினால் ஆவி சுலபமான ஒரு வழியை அமைத்துக்கொண்டு அதிலேயே போகும், மீதிப் புல் சூடேகூட ஆகாமல் கிடக்கும். வடித்து முடிந்தபின் கலனைத் திறந்து பாருங்கள். நடுவில் பழுப்பாகவும் ஓரத்தில் இன்னும் பச்சையாகவும் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கையால் மெல்ல அமர்த்தி, ஓரங்களை நடுவைவிடச் சற்று நெருக்கமாக்குவதே சரி.

மேலே நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் காலியிடம் விடுங்கள். ஆவிக்குழாயின் வாயில் இலைத்துண்டு ஏறி அடைப்பதுதான் இந்த வேலையின் மிகப் பெரிய ஆபத்து. அடைத்தால் கலன் மூடப்பட்ட குண்டு. குழாயின் உள்வாயில் எஃகு வலை ஒன்று பொருத்திவிடுங்கள்.

7. வடிக்கும் நேரம்

முழுச் சூட்டில் தொடங்கினால் கொதிநிலைக்கு வர முக்கால் மணி நேரம் வரை ஆகும். மூடி சூடானதும் குளிர்நீர் பம்பை ஓடவிடுங்கள், முதல் சொட்டைப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள்.

சொட்டு விழத் தொடங்கியதும் சூட்டைக் குறையுங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு வேகம் போதும். அதாவது மணிக்கு 400 முதல் 500 மில்லி. ஆயிரம் வாட் அடுப்பு முழு வேகத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட ஆவியாக்கும், அதைத் தாங்கும் குளிர்விப்பான் வீட்டுத் தொகுப்புகளில் இராது. எலுமிச்சைப்புல் எண்ணெயின் முக்கியப் பொருளான சிட்ரால் தனியாகக் கொதிக்க 220 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குள்ளேயே கிளம்பி வந்துவிடும். ஆகவே கூடுதல் சூட்டால் எண்ணெய் கூடுதலாக வராது.

முதல் அரை மணி நேரத்தில் எண்ணெயின் பெரும்பங்கு வந்துவிடும். அந்த நேரத்தில் இடத்தை விட்டு நகராதீர்கள். பிறகு 20 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு அளவில் மட்டம் ஏறவில்லை என்றால் நிறுத்தலாம். ரோஸ்மேரிக்கு ஒன்று ஒன்றரை மணி, எலுமிச்சைப்புல்லுக்கு இரண்டு மூன்று மணி, யூகலிப்டஸுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். வாசனை மாறி, அவிந்த தழை நாற்றம் வந்தாலும் நிறுத்த வேண்டிய நேரமே.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில. வடிநீர் பச்சையாகவோ தூசியோடோ வந்தால் கலன் பொங்கி நேராகவே குழாயில் ஏறுகிறது, சூட்டைக் குறையுங்கள். நீலப்பச்சைச் சாயல் வந்தால் செம்பு கரைகிறது, அந்த நீரை உடம்பில் போட வேண்டாம். சொட்டு திடீரென நின்று மூடி இடுக்கில் ஆவி சீறினால் குழாய் அடைத்திருக்கிறது. அடுப்பை அணையுங்கள், கலன் ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். கருகல் வாடை என்றால் நீர் வற்றிவிட்டது. 3 லிட்டர் ஊற்றினால் ஒன்றரை லிட்டருக்கு மேல் வடிக்காமல் இருந்தால் இந்த நிலை வராது.

வடிகுழாயின் முனை, பிரிகலனில் உள்ள நீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. அடுப்பை அணைத்ததும் கலன் குளிர்ந்து உள்ளே வெற்றிடம் உண்டாகும். மூழ்கிய முனை வழியாக வடிநீரையும் எண்ணெயையும் சேர்த்து அது பின்னோக்கி உறிஞ்சிவிடும். அத்தனை மணி நேர வேலையும் கலனுக்கே திரும்பிப் போகும்.

8. எண்ணெயைப் பிரித்தெடுங்கள்

5 மில்லி எண்ணெய் 10 செ.மீ. அகலக் கிண்ணத்தில் விழுந்தால் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். அதை எந்தக் கரண்டியாலும் எடுக்க முடியாது. அதே 5 மில்லி, ஒரு செ.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் 6 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். ஒடுங்கிய கழுத்துள்ள கலன் கேட்பது இதற்காகத்தான். வடிநீர் அதன் அடிப்பக்கக் குழாய் வழியாகத் தானாக வெளியேறிக்கொண்டிருக்க, எண்ணெய் மேலே கழுத்தில் சேரும்.

முடிந்ததும் பிரிபுனலுக்கு மாற்றி ஒருமணி நேரம் அசையாமல் விடுங்கள். நீரை மெதுவாக இறக்குங்கள், கடைசிச் சொட்டில் அவசரப்பட வேண்டாம். பால்போலக் கலங்கி நின்றால் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அப்படியும் தெளியவில்லையானால் கொஞ்சம் தூய உப்பு சேர்த்தால் பிரியும், ஆனால் அந்த நீர் பிறகு எதற்கும் உதவாது.

எண்ணெயில் மிச்சமிருக்கும் ஈரத்தைப் போக்க, குப்பியை ஓர் இரவு ஃப்ரீசரில் நிறுத்திவையுங்கள். நீர் உறைந்து அடியில் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் பெரும்பாலும் நீர்மமாகவே இருக்கும். குளிரோடு இருக்கும்போதே மேலே உள்ளதைச் சாய்த்து ஊற்றிக்கொள்ளுங்கள். ஈரம் தங்கிய எண்ணெய் சீக்கிரம் கலங்கும், மணமும் கெடும்.

9. புட்டியும் லேபிளும்

பழுப்புக் கண்ணாடிப் புட்டி. பிளாஸ்டிக் கூடாது. 7 மில்லி எண்ணெயை 50 மில்லி புட்டியில் விடாதீர்கள், உள்ளே உள்ள காற்றே அதைக் கெடுத்துவிடும். கழுத்துவரை நிறையும் சிறு புட்டியாகப் பாருங்கள். ரப்பர் குமிழ் டிராப்பரைப் புட்டியிலேயே மாட்டி வைக்க வேண்டாம், சில மாதங்களில் குமிழ் இளகிப் பிசுபிசுக்கும். குளிர்ந்த, இருண்ட இடத்தில் வைத்தால் ஓராண்டுக்கு நன்றாக இருக்கும். பழசாகி ஆக்சிஜனேறிய எண்ணெய் தோலில் ஒவ்வாமை தூண்டும், வாசனை திரிந்ததை உடம்பில் பயன்படுத்தாதீர்கள்.

வடிநீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள். கரைந்த எண்ணெயோடு நல்ல மணமுள்ள மூலிகைநீர் அது. ஆனால் அதில் கிருமி எதிர்ப்புப் பொருள் எதுவும் இல்லை. கொதிநீரில் போட்டு எடுத்த புட்டியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துச் சில மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். நூலாக ஏதாவது மிதந்தால் எறியுங்கள்.

10. பயன்படுத்தும் அளவு

வடித்த எண்ணெயை நேராகத் தோலில் தடவக் கூடாது, குடிக்கக் கூடாது. எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கு 0.7 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 100 மில்லி நல்லெண்ணெய்க்கோ தேங்காயெண்ணெய்க்கோ 0.7 மில்லி. சொட்டு எண்ணிக்கையை நம்பாதீர்கள், டிராப்பருக்கு டிராப்பர் அளவு மாறும். ஒரு மில்லி சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள் பாருங்கள்.

யூகலிப்டஸ் எண்ணெயைக் குழந்தையின் முகத்தருகே கொண்டுபோகவே வேண்டாம். சில மில்லி உள்ளே போனாலே வலிப்பு வரும் ஆபத்து உண்டு. எல்லாப் புட்டிகளையும் பூட்டிய அலமாரியில் வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் வடிக்கும் அறைக்குள் விடாதீர்கள், இந்த எண்ணெய்களை அதன் ஈரலால் நம்முடையதைப் போல உடைத்து வெளியேற்ற முடியாது.

11. கழுவுங்கள்

கலன் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சக்கையைக் கொட்டுங்கள், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். சுருள்குழாய்க்குள் சோப்பு விடுவதைவிட வெறும் ஆவியை 20 நிமிடம் ஓட்டுவது நல்லது. குளிர்நீரை நிறுத்திவிட்டு ஓட்டினால் சூடான ஆவி முனைவரை போய்ப் பிசுக்கை எடுத்துவரும், முனையை வெளியே திருப்பிவையுங்கள். பிறகு முகர்ந்து பாருங்கள். அடுத்து வடிக்கப்போவது வேறு செடியென்றால் பழைய மணம் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால், கலன் முழுவதும் ஆறி அடுப்பின் இணைப்பைப் பிடுங்கியபின், கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைச் சுருளில் ஊற்றிக் குலுக்கி எடுத்து, திறந்தவெளியில் ஒருநாள் காயவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்து உலர்த்துங்கள்.